போதலும் வருதலும்

ஒரு மொழியின் பெரிய சொற்களைக் கற்பது எளிது. சிறிய சொற்களைக் கற்பதே கடினம். ‘அரசியலமைப்பு’, ‘வானியல்’, ‘நீதிமன்றம்’ போன்ற சொற்களுக்கு எந்த மொழியிலும் நேரான சொல் கிடைத்துவிடும். அகராதி சொன்னதோடு பொருள் முடிந்துவிடும். ஆனால், ‘போ’, ‘வா’, ‘இரு’, ‘விடு’ என்னும் ஓரசை, ஈரசைச் சொற்கள் அவ்வாறு அடங்குவன அல்ல. நாள் முழுதும் மக்கள் நாவில் புழங்கிப் புழங்கி அவை தம் முதற்பொருளை விட்டு நெடுந்தூரம் நடந்துவிட்டன. குழந்தையும் அறிந்த அச்சொற்களிடம், கற்றறிந்த அயலார் திகைத்து நிற்பர்.

பிரெஞ்சு மொழியில் ‘போ’ என்பதற்குரிய வினை ‘அலே’ என்பதாகும். அகராதியைத் திறந்து இவ்வொரு பொருளை மட்டும் மனத்திற்கொண்டு பிரெஞ்சுக்காரரிடம் உரையாடப் புகுவோர் முதல் நிமிடத்திலேயே தடுமாறுவர். இருவர் சந்திக்கின்றனர். ஒருவர் ‘ஸா வா?’ என்கிறார், மற்றவரும் ‘ஸா வா’ என்கிறார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘அது போகிறதா?’ ‘அது போகிறது’ என்பதே பொருள். எது போகிறது? எங்கே போகிறது? அகராதி இதற்கு விடை கூறாது.

ஆயினும் ஒன்று உண்டு. இவ்விடத்தில் ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சைத் தேடும் மாணவனைவிடத் தமிழ் வழியாகத் தேடும் மாணவன் விரைவில் கரையேறுவான். தாய்மொழியிலேயே அவனுக்கு அதற்கான திறவுகோல் கிடைத்திருக்கிறது. அத்திறவுகோல் தன் கையில் இருப்பதை அவன் அறியாதிருப்பதே குறை.

ஆற்றங்கரையில் ஒரு பிரெஞ்சுக் குரல்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களுக்கும் பிரெஞ்சு மொழிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு பழையது.

பிரான்சின் பார்பெசியே என்னும் சிற்றூரில் 1879இல் பிறந்த ஆன்ரி ஃபோகோனியே, 1905இல் மலாயா வந்து தோட்டத் தொழில் பயின்றார். பின்னர்ச் சிலாங்கூர் ஆற்றை அடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் காடழித்து ரப்பர்த் தோட்டம் கண்டார். பெல்ஜிய நாட்டு அட்ரியேன் ஹாலேயின் துணையோடு அம்முயற்சி பெரிய நிறுவனமாக வளர்ந்தது. சுமத்திராவிலிருந்து கொணர்ந்த எண்ணெய்ப்பனை விதைகள் இவ்வட்டாரத்தில் முளைவிட்டன. 1917இல், காப்பிப் பயிர் பலன் தராத நிலத்தில், தென்னமரம் தோட்டத்தில் எண்ணெய்ப்பனை வாணிக நோக்கில் நடப்பட்டது. மலேசிய எண்ணெய்ப்பனைத் தொழிலின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. எண்ணெய்ப்பனை முதன்முதல் காலூன்றிய தோட்டத்தின் பெயரோ தென்னையைச் சுட்டும் தூய தமிழ்ப் பெயர்! பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பழைய பெயர் மாறி, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் ஊரை அடுத்து அத்தோட்டம் உள்ளது.

ஃபோகோனியே தோட்டக்காரர் மட்டும் அல்லர், எழுத்தாளரும் ஆவார். இந்த ஆற்றங்கரை வாழ்வைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய ‘மலேஸி’ என்னும் புதினம் 1930இல் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்றது. மறு ஆண்டே ‘மலாயாவின் ஆன்மா’ எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் அப்புதினத்தில் இடம்பெறுகின்றனர். எனவே, பாரிஸ் நகரத்துப் படிப்பறைகளில் கோலசிலாங்கூர்த் தமிழர் நடமாடிய காலம் ஒன்று இருந்தது. தங்களைப் பற்றிய அந்நூலை அவர்களுள் பெரும்பாலோர் பெயரளவிற்கும் அறிந்திலர்.

‘இங்கே வா’ என்னும் நூல்

தோட்டத் துரைமார் தமிழ் கற்றாக வேண்டிய காலம் அது. இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் இளம் துரைமாருக்காக 19ஆம் நூற்றாண்டில் ஃபெர்குசன் என்பார் கொழும்பில் ஒரு சட்டைப்பைக் கையேட்டை வெளியிட்டார். அதன் தலைப்பே ‘இங்கே வா’ என்பதாகும். ‘சின்னத் துரையின் தமிழ்க் கையேடு’ என்பது அதன் துணைத்தலைப்பு.

ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய ஒரு மொழியின் வாயிலாக அக்கையேடு தேர்ந்தெடுத்த சொல்லை நோக்குக. ‘வணக்கம்’ அன்று, ‘நலமா’ அன்று, ‘இங்கே வா’. துரைமாரின் தமிழில் வினைகள் பெரும்பாலும் ஏவலாகவே இருந்தன. வா, போ, வெட்டு, தூக்கு, நிறுத்து! விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். கங்காணியின் குரல் எழும். ‘போ’ என்றதும் ஆட்கள் நிரைக்குச் செல்வர். போகச் சொல்வதும் வரச் சொல்வதும் ஒருவர் உரிமை. போவதும் வருவதும் மற்றவர் கடமை. அந்த உறவுநிலையில் ‘போ’ என்னும் வினைக்கு ஒரே பொருள்தான் இருந்தது.

பிரெஞ்சு மொழியிலும் ‘அலே!’ என்னும் ஏவல் உண்டு. நாயை விரட்டுவோரும் அதையே சொல்வர். வேலையாளை முடுக்குவோரும் அதையே சொல்வர். ஆனால், நடக்கப் பழகும் குழந்தையின் முன் கைநீட்டி நிற்கும் தாயும் ‘அலே, அலே!’ என்றே ஊக்குவாள். மிதிவண்டிப் பந்தயத்தில் மலையேறும் வீரரைப் பார்த்துச் சாலையோரத்து மக்கள் முழங்குவதும் அதுவே. சோர்ந்த நண்பனின் தோளைத் தட்டிச் சொல்வதும் அதுவே. சொல் ஒன்று, யார், யாருக்கு, எந்நேரத்தில் சொல்கிறார் என்பதைக் கொண்டே அதன் பொருள் அமைகிறது. தோட்டத்துத் தமிழ்த் தாயும் எழுந்து நிற்கும் குழந்தையிடம், ‘வா வா, வந்துட்டியே’ என்பாள். கங்காணியின் ‘வா’வும் தாயின் ‘வா’வும் எழுத்தளவில் ஒன்றே, செவிக்கும் நெஞ்சுக்கும் வேறு வேறு.

ஆகவே, வழக்குத் தொடர்களைக் கற்பிப்போர் முதலில் கற்பிக்க வேண்டியது சொல்லையன்று, சொல்லுவோரையும் கேட்போரையும்தான். உறவு தெரிந்தால் பொருள் தானே விளங்கும்.

பாட்டி கேட்ட பிரெஞ்சு

பெஸ்தாரி ஜெயாவில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வாழும் அடுக்கு வீடு ஒன்றில், முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். அவருடைய பேத்தி பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு பயில்பவள். ஓராண்டு படிப்புக்காகப் பிரான்சு செல்லவிருந்தாள். விடுமுறையில் வீட்டுக்கு வந்தவள், திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியிடம் விளையாட்டாக, “பாட்டி, ஸா வா?” என்றாள்.

பாட்டி நிமிர்ந்தார். “சாவா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு கண்ணு இது?”

பேத்தி சிரித்துவிட்டாள். “அது பிரெஞ்சு, பாட்டி. ‘போகுதா’ன்னு கேட்கிறாங்க.”

“எது போகுதா?”

“எல்லாந்தான். உடம்பு, வேலை, பொழப்பு.”

பாட்டி சற்றே எண்ணினார். “அப்படிச் சொல்லு. நாங்களும் அப்படித்தானே கேட்போம்? நிரையில பக்கத்து ஆளைப் பார்த்து, ‘என்ன அக்கா, பொழப்பு எப்படிப் போகுது?’ன்னா, ‘ஏதோ போகுது’ன்னு சொல்லும். அதுக்கு மேல அதுவும் சொல்லாது, நாங்களும் கேட்க மாட்டோம்.”

“இவங்களும் கேட்க மாட்டாங்க பாட்டி. கேள்வியும் ‘ஸா வா’, பதிலும் ‘ஸா வா’.”

“ஒரே சொல்லை வச்சே காலத்தை ஓட்டிட்டாங்க, கெட்டிக்காரங்கதான்!” என்றார் பாட்டி.

எழுதப் படிக்கக் கல்லாத அம்மூதாட்டி, வகுப்பறையில் ஒரு வாரம் விளக்க வேண்டிய செய்தியை ஒரு நொடியில் பற்றிக்கொண்டார். ‘அது’ என்பது எதையும் சுட்டவில்லை. வாழ்வின் நடையையே சுட்டுகிறது என்பதை அவருக்கு யாரும் இலக்கணமாக விளக்கவில்லை. ‘ஏதோ போகுது’ என்று ஆயிரம் முறை சொல்லியும் கேட்டும் பழகியதால், அயல்மொழியின் வாயிலும் அவருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

அவ்விடைக்குள் அடங்கிய நுட்பமும் கருதத்தக்கது. ‘ஏதோ போகுது’ என்பவர் தம் துன்பத்தை மறைப்பதும் இல்லை, விரித்துரைப்பதும் இல்லை. ‘ஸா வா’ என்னும் விடையும் குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப, ‘நன்றாக இருக்கிறேன்’ என்றும், ‘பரவாயில்லை’ என்றும், ‘கேளாதிருங்கள்’ என்றும் பொருள் தரும். ‘போதும், நிறுத்து’ என்று சினந்து கூறுவதற்கும் அதே தொடர் போதுமானது.

ஒத்துச் செல்லும் இடங்கள்

இரு மொழிகளும் கைகோத்து நடக்கும் இடங்கள் வியப்பூட்டும் அளவிற்கு மிகுதி.

அணிமைக் காலத்தில் நிகழவிருப்பதைக் கூறத் தமிழ், ‘போ’ என்பதைத் துணைவினையாகக் கொள்கிறது. கருமேகம் திரண்டுவிட்டது; மரவரிசையில் காற்று மாறிவிட்டது; ‘மழை பெய்யப் போகிறது’ என்று குரல் எழுகிறது. ‘மழை பெய்யும்’ என்பது வேறு. ‘மழை பெய்யப் போகிறது’ என்பது வேறு. முன்னது பொதுவான எதிர்காலம். பின்னதோ, மங்கில் இருக்கும் பால் மழைநீரால் கெடுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லும் எதிர்காலம். பிரெஞ்சும் இவ்வேறுபாட்டை அப்படியே போற்றுகிறது. தனி எதிர்கால வினைமுற்று அம்மொழியில் இருந்தும், அணித்தே வரவிருப்பதைக் கூற ‘அலே’ வினையையே துணைகொள்கிறது. ‘இல் வா ப்ளுவ்வார்’ என்பது ‘மழை பெய்யப் போகிறது’ என்பதன் நேர்ப்படியாகும். மலாய் மொழி இவ்விடத்தில் விருப்பத்தைக் குறிக்கும் ‘நாக்’ என்னும் சொல்லை நாடுகிறது. தமிழும் பிரெஞ்சும் நடையைக் குறிக்கும் வினையை நாடுகின்றன.

கவலையில் இருப்போரைத் தேற்றப் பிரெஞ்சுக்காரர் ‘ஸா வா அலே’ என்பர். போதல் வினை இரண்டு முறை அடுக்கி வருகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அது போகப் போகிறது’ என நிற்கும். பொருளோ, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பது. தமிழரும் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்றே தேற்றுவர். ‘போகப் போகத் தெரியும்’ என்பதும் இவ்வழக்கே. காலத்தை நடந்து செல்லும் ஒரு பாதையாகக் கண்ட உள்ளம் இரு மொழிகளிலும் பேசுகிறது.

எதிர்பாராத இடையூறு நேர்ந்தால், பிரெஞ்சுக்காரர் ‘அலோன் போன்!’ என்று சலித்துக்கொள்வர். ‘போவோம், நல்லது’ எனப் பெயர்த்தால் நகைப்பே மிஞ்சும். தமிழரோ அவ்விடத்தில் ‘போச்சு!’ என்பர். ஒருவர் சொல்வதை நம்ப இயலாதபோது பிரெஞ்சில் ‘அலோன் தோன்!’ என்பர், தமிழில் ‘அட, போங்கள்!’ என்பர். இரண்டிலும் எவரும் எங்கும் போக வேண்டியதில்லை.

ஒரு செயலில் பெருமதிப்புடைய ஒன்று பணயமாக நிற்குமாயின், ‘இலி வா தெ லொன்னர்’ என்பது பிரெஞ்சு வழக்கு. ‘அங்கே மானத்தினின்று போகிறது’ என்பதே அச்சொற்கள் நிற்கும் நிலை. இதை விளக்க ஆங்கில வழிப் பாடநூல்கள் பல வரிகள் செலவிடுகின்றன. தமிழ் மாணவனுக்கோ, ‘மானம் போகிற காரியம்’, ‘உயிர் போகிற காரியம்’ என்றால் போதும். மானத்தையும் உயிரையும் புறப்பட்டுச் செல்லும் பொருள்களாகக் கருதுவதில் தமிழரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே பள்ளியில் பயின்றவர் போலும்!

விலகிச் செல்லும் இடங்கள்

ஒப்புமை கண்டு மயங்கி, எல்லாம் ஒன்றெனக் கொள்வதும் பிழையாகும். மொழிகள் பிரியும் இடங்களை அறிவதே கல்வியின் மறுபாதி.

ஓர் ஆடை ஒருவருக்கு எடுப்பாக இருந்தால், அது அவருக்கு ‘நன்றாகப் போகிறது’ என்பது பிரெஞ்சு. தமிழில் ஆடை பொருந்தும், எடுக்கும், சேரும், ஆனால் போகாது. ‘ஆடை போயிற்று’ என்றால் கிழிந்தது அல்லது தொலைந்தது என்றே பொருள்படும். வெளிப்படையான செய்தியைப் பிரெஞ்சில், ‘அது சொல்லாமலே போகிறது’ என்பர். தமிழிலோ, ‘சொல்லவும் வேண்டுமா?’ என்று வினாவாகக் கேட்பதே மரபு.

தமிழ்ப் ‘போ’வுக்கு இழப்பின் நிழல் ஒன்று எப்போதும் உண்டு. கெட்டுப்போதல், மறந்துபோதல், காணாமற்போதல், செத்துப்போதல் என முதன்மை வினையைத் தொடர்ந்து வரும்போது, கையை மீறிய ஒன்று நிகழ்ந்துவிட்டது என்னும் துயரத்தை அது உணர்த்துகிறது. பிரெஞ்சிலும் ஒருவர் இறந்ததை ‘அகன்று போய்விட்டார்’ என மென்மையாகக் கூறும் வழக்கு உண்டு. எனினும் வினைக்கு வினை ஒட்டி நின்று இழப்பைக் காட்டும் இவ்வமைப்பு அங்கில்லை. ‘பால் கெட்டுப்போயிற்று’ என்பதைப் பிரெஞ்சில் ‘அலே’ கொண்டு சொல்ல முயல்வோர் சொல்லடுக்கு ஒன்றைப் பெறுவர், பொருளைப் பெறார்.

அனைத்தினும் பெரிய வேறுபாடு விடைபெறுதலில் உள்ளது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் விருந்து முடிந்து எழுகையில் ‘ழி வே’ என்பார்; ‘நான் போகிறேன்’ என்பதே பொருள். அதில் அவருக்கு எக்குறையும் தோன்றாது. தமிழ் வீட்டிலோ அச்சொல் வாசற்படியில் நிற்போரைச் சுடும். பயணம் புறப்பட்ட அன்று அந்தப் பேத்தியும் அவசரத்தில், “பாட்டி, நான் போறேன்” என்றுதான் சொன்னாள்.

“போறேன்னு சொல்லாதே. போய்ட்டு வரேன்னு சொல்லு.”

“சரி பாட்டி, போய்ட்டு வரேன்.”

“உன் பிரெஞ்சுக்காரங்க எப்படிச் சொல்லுவாங்க?”

“போறேன்னுதான் சொல்லுவாங்க.”

“அவ்வளவுதானா? வரேன்னு சொல்ல மாட்டாங்களா?”

பேத்தி தயங்கினாள். “கடைசியா ‘ஓ ரெவ்வார்’னு ஒண்ணு சொல்லுவாங்க. மறுபடி பார்க்கிற வரைக்கும்னு அர்த்தம்.”

“அப்ப சரி. போற இடத்துல மனுசங்கதான் இருக்காங்க” என்று பாட்டி திருநீறு எடுக்க உள்ளே சென்றார்.

தொல்காப்பியர் காட்டும் திசை

‘போய் வருகிறேன்’ என்பதை மங்கல வழக்கு என இலக்கணம் அமைதி கூறும். அமங்கலத்தை நீக்கி மங்கலமாகக் கூறுவது தகுதி வழக்குகளுள் ஒன்றென்பது நன்னூல் கற்றோர் அறிந்தது. எனினும் அவ்விளக்கத்தோடு நிற்க வேண்டியதில்லை. இதற்கு இன்னும் ஆழமான வேர் தொல்காப்பியத்தில் உள்ளது.

சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு சொற்களைத் தொல்காப்பியர் ஒருங்கு வைத்து ஆராய்கிறார். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்பது அவர் காட்டும் வரம்பு. ‘எனக்குத் தந்தான்’, ‘உன்னிடம் வந்தான்’ என்க. ‘அவனுக்குக் கொடுத்தான்’, ‘அவனிடம் சென்றான்’ என்க. வினை வெறும் இயக்கத்தை மட்டும் கூறவில்லை. பேசுவோரும் கேட்போரும் சேர்ந்த வட்டத்தை நோக்கிய இயக்கமா, அவ்வட்டத்தை விட்டு விலகும் இயக்கமா என்பதையும் கூறுகிறது.

இவ்வொளியில் நோக்கினால், வாசற்படியில் நிகழ்வது என்ன என்பது புலனாகும். ‘போகிறேன்’ என்பவர் ‘நான், நீ’ என்னும் வட்டத்திலிருந்து தம்மைத் தாமே பிரித்துப் படர்க்கையில் நிறுத்துகிறார். இனி அவர் ‘அவர்’. ‘வருகிறேன்’ என்பவரோ கால் வெளியே வைத்த நிலையிலும் வட்டத்திற்குள்ளேயே நிற்கிறார். புறப்படும்போது ‘அப்போது நான் வரட்டுமா?’ எனத் தமிழர் கேட்பதன் பொருளும் இதுவே. புறப்பட்டுச் செல்பவர் ‘வரட்டுமா’ எனக் கேட்பது கண்டு அயலார் நகைக்கலாம். மொழி திசையைப் பிழைபடக் கூறவில்லை. உள்ளத்தின் திசையைக் கூறுகிறது.

மலாயர் மரபு இதனை வேறொரு வகையில் பகுக்கிறது. புறப்படுவோர் இருப்போரை நோக்கி, ‘நலமாகத் தங்குக’ என்னும் பொருளில் ‘செலாமாட் திங்கால்’ என்பர். இருப்போர் புறப்படுவோரை நோக்கி, ‘நலமாக நடந்திடுக’ என்னும் பொருளில் ‘செலாமாட் ஜாலான்’ என்பர். பிரெஞ்சுக்காரர், போதலை வெளிப்படையாகக் கூறி, மீண்டும் காணும் நம்பிக்கையை ‘ஓ ரெவ்வா’ரில் வைக்கின்றனர். தமிழர், போதலுக்குள்ளேயே வருதலை முடிந்துவைக்கின்றனர். மூன்றும் மூன்று நாகரிகங்கள். ஒன்று மற்றொன்றிற்குத் தாழ்ந்ததன்று.

இன்னொரு தற்செயலும் உண்டு. ‘ஸா வா’வில் வரும் ‘வா’, பிரெஞ்சில் ‘போகிறது’ எனவும் ஏவலாக ‘போ’ எனவும் பொருள்படும். தமிழ்ச் செவிக்கோ அது ‘வருக’ என்றே ஒலிக்கும். இரு மொழிகளுக்கும் இதில் உறவேதும் இல்லை. ஆயினும், வகுப்பறையில் இவ்வொலியைச் சுட்டிக் காட்டும் ஆசிரியரின் மாணவன் அவ்வினையை ஆயுள் முழுதும் மறவான்.

இரு துறைமுகங்கள்

போதலும் வருதலும் சொல்லளவில் நின்றுவிடும் செய்திகள் அல்ல. தமிழர் வரலாற்றில் அவை பிரெஞ்சு மொழியோடு நேராகவே சந்தித்தன.

காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவே உண்டு. முன்னது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பின்னது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் வழியாகக் கப்பலேறியோர் ரெயூனியோன் தீவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளான மார்த்தினிக்கு, குவாதலூப்புக்கும் சென்றனர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக்கையும் 1854இல் குவாதலூப்பையும் அடைந்தது. நாகப்பட்டினம் வழியாகவும் சென்னை வழியாகவும் கப்பலேறியோர் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்திற்கும் வந்தனர். அவர்களுள் பலர் சிலாங்கூர் ஆற்றங்கரைத் தோட்டங்களை அடைந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆட்கள் வருவது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’க் கப்பல் 1970களின் தொடக்கம் வரை இரு கரைகளுக்கும் இடையே போய் வந்தது.

இரு துறைமுகங்களிலும் நின்றோர் சொன்ன சொல் ஒன்றாகவே இருந்திருக்கும், ‘போய் வருகிறேன்’. ஆனால், சென்ற இடத்தில் அச்சொல்லுக்கு நேர்ந்த கதி ஒன்றன்று. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் குடியேறியோரின் வழிவந்தோர் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகின்றனர். தமிழ் அங்கே வழிபாட்டுப் பாடல்களில் ஒலியாக எஞ்சியது; பேச்சாக எஞ்சவில்லை. ‘ஸா வா’ என அவர்கள் அன்றாடம் வினவுகின்றனர்; ‘ஏதோ போகுது’ என விடை சொல்லிய பாட்டன்மாரின் குரல் அவர்களுக்கு எட்டவில்லை.

கோலசிலாங்கூரில் அவ்வாறு நேரவில்லை. காரணங்கள் பல. தாயகம் அண்மையில் இருந்தது. கப்பல்கள் போய் வந்துகொண்டிருந்தன. தோட்டத்து மக்கள் கூட்டாக வாழ்ந்தனர். இவற்றோடு இன்றியமையாத ஒன்றும் சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்கப் பணித்தது. கிராணியோ கங்காணியோ எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியராக நிற்க, ஆலயத்தின் ஓரத்திலும் கொட்டகையிலும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. குறைகள் ஆயிரம் இருப்பினும், ‘போ’ என்னும் ஏவலை மட்டும் கேட்டு வளர வேண்டிய பிள்ளைகளுக்கு, அவ்வினையின் எல்லா முகங்களையும் அப்பள்ளிகள் காத்துத் தந்தன.

போகாதிருக்க வேண்டியவை

ரப்பர் மரங்கள் பலவும் போயின; எண்ணெய்ப்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் மக்கள் வெளியேறினர். வட சிலாங்கூரில் புக்கிட் தாகார், நைகல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த வரலாறு நாடறிந்தது. லயத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்களுக்கு அண்டை வீட்டாரிடம் ‘போய் வருகிறோம்’ எனச் சொல்லவும் இயலவில்லை. அண்டை வீட்டாரும் அன்றே புறப்பட்டுக்கொண்டிருந்தனர். வருவதற்கு இடமும் எஞ்சவில்லை. மங்கல வழக்கு தன் பொருளை இழந்து நின்ற வேளை அது.

தோட்டம் மறைந்தபின், நாட்டின் சில தமிழ்ப்பள்ளிகள் மக்கள் குடியேறிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. சில மாணவரின்றி மூடப்பட்டன. எஞ்சியவற்றுள் தென்னமரம் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் ஒன்று.

தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளை பிற மொழிக்குப் பின்தங்கும் என அஞ்சும் பெற்றோர் இன்றும் உளர். அவர்களுக்கு இந்த ஒரு வினையே விடை கூறும். ‘போகப் போக’ என்பதன் சுவையை அறிந்த பிள்ளை ‘ஸா வா அலே’யைக் கற்க அகராதியைத் தேட வேண்டுவதில்லை. ‘பெய்யும்’, ‘பெய்யப் போகிறது’ என்பவற்றின் வேறுபாட்டை உணர்ந்த பிள்ளை, பிரெஞ்சின் இரு எதிர்காலங்களுக்கு இடையே இடறுவதில்லை. தாய்மொழியை மேலோட்டமாக அறிந்தோர்க்கே அயல்மொழி சுவராக நிற்கும். ஆழ்ந்து அறிந்தோர்க்கு அது வாயிலாகத் திறக்கும்.

ஆசிரியர்களும் வழக்குத் தொடர்களைப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்விப்பதைக் கைவிடல் வேண்டும். வீட்டில் பாட்டி எவ்வாறு விடைகொடுக்கிறார், கடைக்காரர் எவ்வாறு சலித்துக்கொள்கிறார், தாய் எவ்வாறு தேற்றுகிறாள் என மாணவர் கேட்டு வந்து கூறட்டும். அவற்றை மலாயோடும் ஆங்கிலத்தோடும் ஒப்பிடட்டும். அப்பழக்கம் கைவந்த மாணவனுக்கு எந்த மொழியும் அந்நியமாகாது.

ஒவ்வொரு நாள் காலையும் பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் தஞ்சோங் காராங்கிலும் புத்தகப்பை சுமந்த பிள்ளைகள் வாசலில் நின்று, ‘அம்மா, பள்ளிக்குப் போய் வருகிறேன்’ என்கின்றனர். கடல் கடந்த மூதாதையர் சொல்லி, நிறைவேற்ற இயலாது போன அச்சொல்லை, அப்பிள்ளைகள் நண்பகலில் வீடு திரும்பி நாள்தோறும் மெய்ப்பிக்கின்றனர்.